‘நடத்தை சரியான பிறகு அனுப்பவும்’: எல்.கே.ஜி. பிள்ளை ஒருவனின் அம்மாயி எழுதும் திறந்த மடல்

பள்ளியின் தாளாளர் அவர்களுக்கும், முதல்வர் அவர்களுக்கும், எல்.கே.ஜி. வகுப்புப் பெற்றோர்களுக்கும்,

கடந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் பேரனின் ஸ்கூல் டைரிக்குள் மடித்து வைத்திருந்த கடிதத்தை என் மகள் எடுத்துப் படித்தாள். “தங்கள் குழந்தையின் நடத்தை சரியான பிறகு பள்ளிக்கு அனுப்பவும். அதற்கான மருத்துவச் சான்றை இணைக்கவும்.” இரண்டே வாக்கியம், கீழே பள்ளி முத்திரை. எத்தனை நாள் என்று அதில் இல்லை. யார் சரிசெய்ய வேண்டும், எப்படிச் சரிசெய்ய வேண்டும் என்றும் இல்லை. அவனுக்கு வயது நாலு வருடம் ஏழு மாதம்.

நான் அவனுடைய அம்மாயி. ஏற்காட்டு மலையில் காபித் தோட்டத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில் 29 வருடம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது அம்மாபேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறேன். மூன்றிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளின் கோபத்தோடு நான் பாதி வாழ்க்கையைக் கழித்திருக்கிறேன். அடி வாங்கியிருக்கிறேன், கடி வாங்கியிருக்கிறேன், ஒரு பையன் எறிந்த பலகையால் நெற்றியில் தையல் போட்டிருக்கிறேன். அந்த 29 வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூட “கோபம் போன பிறகு வா” என்று வீட்டுக்கு அனுப்பியதில்லை. அதனால்தான் உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் எங்கள் பக்கத்துத் தவறு. வகுப்பில் ஒரு பெண்பிள்ளையை அவன் கடித்தது உண்மை. அந்தப் பெண்பிள்ளையின் முன்கையில் பல் தடம் சிவந்து பதிந்திருந்ததை நானே பார்த்தேன். அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தாய் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பேசும்போது அவர் குரல் நடுங்கியது. அவர் பிள்ளைக்கு வலித்தது. அந்த வலியை நான் சின்னதாக்கவில்லை. இனி அப்படி நடக்கக் கூடாது என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எப்படி நடக்காமல் செய்வது என்பதில்தான் வேறுபாடு.

எங்கள் பக்கங்களில் பிள்ளைக்கு நீச்சல் பழக்குவதென்றால் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கி, கூடவே ஒரு பெரியவரும் இறங்குவார். கரையில் உட்காரவைத்து, “நீச்சல் பழகிக்கொண்டு வா, பிறகு இறக்கிவிடுகிறேன்” என்று யாரும் சொல்வதில்லை. கோபத்தைக் கையாளப் பழகுவதும் அப்படித்தான். கிரேயானுக்குச் சண்டை வரும் இடத்தில், வரிசையில் முன்னே போகப் போட்டி வரும் இடத்தில், மற்ற பிள்ளைகள் நடுவில்தான் அது கைவரும். வீட்டில் என்னோடு தனியாக இருக்கும்போது அவனோடு வரிசைக்குச் சண்டை போட யார் இருக்கிறார்கள்? ஒரு மாதம் வீட்டில் வைத்திருந்தால் ஒரு மாதம் அமைதியாக இருப்பான். திரும்பி வரும் முதல் நாளே மறுபடி தள்ளுவான். அப்போது என்ன செய்வீர்கள்?

ஜூன் மாதத்திலிருந்து டைரியில் அவனைப் பற்றி 11 குறிப்புகள் வந்திருக்கின்றன. அடித்தான், தள்ளினான், கிரேயானை உடைத்தான், கடித்தான். என்ன செய்தான் என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. எத்தனை மணிக்கு, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பது ஒன்றில்கூட இல்லை. அங்கன்வாடியில் எனக்கிருந்த பழக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். வகுப்பு மிஸ்ஸிடமும் வேன் ஆயாவிடமும் ஒவ்வொரு குறிப்பையும் காட்டி, நேரம் கேட்டு எழுதிக்கொண்டேன். இரண்டு பேரும் பொறுமையாகச் சொன்னார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

11-ல் 8 சம்பவங்கள் காலை பதினொன்றரைக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில் நடந்தவை. இரண்டு, திரும்பி வரும் வேனில் நடந்தவை. மிச்சம் ஒன்று, ஆஸ்பத்திரியிலிருந்து அவன் தங்கச்சி வீட்டுக்கு வந்த மறுநாள்.

அவன் காலை ஆறரைக்கு அவசரத்தில் அரை இட்லி சாப்பிட்டுவிட்டு 7.10-க்கு வேன் ஏறுகிறான். உங்கள் மதியச் சாப்பாட்டு மணி 12.40. நடுவில் பத்தேகாலுக்கு ஒரு சின்ன இடைவேளை இருந்தது. பிஸ்கட்டோ வாழைப்பழமோ தின்றுவிட்டு மைதானத்தில் ஒரு சுற்று ஓடுவார்கள். ஆண்டு விழா ஒத்திகைக்காக அதை அக்டோபரில் நிறுத்திவிட்டீர்கள். நான் சொன்ன அந்த எட்டில் ஆறு, இடைவேளை நின்ற பிறகு நடந்தவை. ஆறு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறு, ஒரே வரிசையில் கை தூக்கு, கால் தூக்கு என்று ஒத்திகை. பெரியவர்கள் நமக்கே அந்த நேரத்தில் எரிச்சல் வரும்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1931-லேயே அமெரிக்காவில் ஃப்ளாரன்ஸ் குடினஃப் என்ற உளவியலாளர், தாய்மார்களைப் பிள்ளைகளின் கோபத்தை நேரம் போட்டுக் குறித்துவைக்கச் சொல்லி ஆராய்ந்தார் என்று என் மகள் தேடிப் படித்துக் காட்டினாள். சாப்பாட்டு வேளை நெருங்கும்போதும் தூங்கும் நேரம் நெருங்கும்போதும்தான் பிள்ளைகள் அதிகம் வெடித்தார்களாம். மலையில் எனக்கு அது வேறு மாதிரி தெரியும். நவம்பர் முதல் ஜனவரி வரை காபிப் பழம் பறிக்கும் காலம். பனி விலகுவதற்கு முன்னாலேயே தாய்மார்கள் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகளை அக்காக்களோ பாட்டிகளோ கொண்டுவந்து விடுவார்கள், பாதிப் பேர் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். அந்த மூன்று மாதமும் என் மையத்தில் அடிதடி கூடும். முதல் இரண்டு வருடம் நானும் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருடம் புத்தி வந்தது. அந்த மாதங்களில் மட்டும் பாட்டுக்கும் கதைக்கும் முன்னால், வந்ததும் வராததுமாக ஆளுக்கொரு சத்துமாவு உருண்டையைக் கையில் கொடுத்து, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டோம். அடிதடி பாதிக்கு மேல் குறைந்தது.

எழுதக் கை வராத விஷயம் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அவன் கடித்த அன்று அவனை வகுப்பு வாசலில் நிற்கவைத்து, மற்ற பிள்ளைகளை விரல் நீட்டி “ஷேம் ஷேம்” சொல்லவைத்திருக்கிறார்கள். அவன் எங்களிடம் இதைச் சொல்லவில்லை. அதே வேனில் வரும் யு.கே.ஜி. பெண்பிள்ளை சொன்னாள், கேட்டபோது பள்ளியில் யாரும் மறுக்கவில்லை. வகுப்புச் சுவரில் பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கிறது. சேட்டை செய்த பிள்ளையின் பெயருக்கு நேரே சிவப்பு முகம் ஒட்டுகிறீர்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது நானே எண்ணினேன், என் பேரன் பெயருக்கு நேரே ஒன்பது. மறுவாரம் அவன் அம்மாவின் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை உரித்தெடுத்துத் தன் ஸ்கூல் பையில், பெயர் எழுதியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தான். ஏன் கண்ணு என்று கேட்டேன். “இது என் பேருக்கு வர்றது அம்மாயி” என்றான். எந்த வருத்தமும் இல்லாமல், இன்ன நிறச் சட்டை என்னுடையது என்று சொல்வதுபோலச் சொன்னான். அந்தச் சாந்தமான குரலை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அவமானப்பட்ட பிள்ளைக்குக் கோபம் குறையாது. கோபத்தோடு அவமானமும் சேர்ந்துகொள்ளும். “கோபம் வர்றது தப்பில்ல கண்ணு, கடிக்கிறதுதான் தப்பு” என்று பிரித்துச் சொன்னால் நாலு வயதுக்குப் புரியும். நான் சொல்லிப் புரிந்த பிள்ளைகள் நிறையப் பேர். ஆனால் “நீயே கெட்டவன்” என்று சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை திருத்திக்கொள்ள என்ன மிச்சம் இருக்கிறது?

எல்லாவற்றுக்கும் கோபம் என்று ஒரே பெயர் வைப்பதிலும் சிக்கல் இருக்கிறது. தங்கச்சி வந்த மறுநாள் அவன் பக்கத்துப் பையனைத் தள்ளியதற்குக் காரணம் ஏக்கம். வரைந்த படத்தைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தபோது கிரேயானை உடைத்ததற்குக் காரணம் வெட்கம். பதினொன்றரை மணிக்கு வருவது பெரும்பாலும் பசி. வெளியே தெரிவது ஒரே மாதிரி: முகம் சிவக்கும், கை ஓங்கும். உள்ளே இருப்பது வேறு வேறு. தனக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல வார்த்தை இல்லாத பிள்ளை கையால் பேசும், பல்லால் பேசும். பக்கத்துப் பையனைத் தள்ளிய அன்று ராத்திரி அவனை மடியில் போட்டுக்கொண்டு, “பாப்பா வந்ததும் அம்மா மடி உனக்கு இல்லாமப் போச்சேன்னு ஏக்கமா இருக்கா?” என்று கேட்டேன். தலையை ஆட்டினான். ரொம்ப நேரம் அழுதான். மறுநாள் காலை அவனாகவே வந்து, “அம்மாயி, எனக்கு இப்பவும் ஏக்கமா இருக்கு” என்றான். அந்த ஒரு வார்த்தை அவனுக்குக் கிடைத்ததிலிருந்து வீட்டில் பாப்பாவின் தொட்டிலை ஆட்டிக் கவிழ்க்கப் போவது நின்றுவிட்டது.

மலையில் எங்களிடம் பெரிய வசதி எதுவும் இருக்கவில்லை. ஓட்டு வீடு, ஒரே அறை, வெளியே மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்கள், நானும் ஒரு ஆயாவும், இருபத்திரண்டு பிள்ளைகள். வாசல் பக்கம் ஒரு கோரைப்பாய் விரித்திருப்போம். யாருக்காவது முகம் சிவந்தால் எங்களில் ஒருவர், “வா கண்ணு, நாம ரெண்டு பேரும் போயி பாயில உக்காரலாம்” என்று கூடவே போய் உட்காருவோம். “அங்கே போய் உட்கார்” என்று தனியே அனுப்பியதில்லை. உட்கார்ந்ததும் புத்தி சொல்வதும் கிடையாது, கொதிக்கிற நேரத்தில் எந்தப் புத்தியும் ஏறாது. இரண்டு உள்ளங்கையையும் கிண்ணம்போலக் குவிக்கச் சொல்வேன். அதில் சூடான கஞ்சி இருக்கிறது, ஊதி ஊதி ஆற்று என்பேன். பிள்ளை மூச்சை நீளமாக வெளியே விட விட நெஞ்சுப் படபடப்பு தணியும். ஆறியதும்தான் பேச்சு: என்ன நடந்தது, உடம்பில் எங்கே சூடாக இருந்தது, அடுத்த தடவை கை ஓங்குவதற்குப் பதில் என்ன சொல்லலாம். பிறகு, அடிபட்ட பிள்ளையிடம் போய், வலிக்கிற இடத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு வருவார்கள். ஒரு தடவையில் வராது. நாற்பது ஐம்பது தடவை செய்ய வேண்டியிருக்கும். கோபத்தைப் பிடித்து நிறுத்துகிற மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்கிறார்கள். நாலரை வயதில் அது முழுதாக வேலை செய்ய வேண்டும் என்று சான்றிதழ் கேட்கிறீர்கள்.

மருத்துவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவரிடம் காட்டச் சொன்னதை நான் குறை சொல்லவில்லை. என் மையத்தில் ஒரு பெண்பிள்ளை எல்லோரையும் கடிப்பாள், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், திமிர் என்று ஊரே சொன்னது. வருடத்துக்கு இரண்டு தடவை பிள்ளைகளைப் பரிசோதிக்க மையத்துக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடம் காட்டியபோது இரண்டு காதிலும் சீழ் கோத்திருந்தது. அவளுக்குப் பாதிச் சத்தம் கேட்கவே இல்லை. காது குணமானதும் கடிப்பது தானாகக் குறைந்தது. அதனால் என் பேரனையும் ஜூலையிலேயே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காது, கண், பேச்சு எல்லாம் பார்த்தோம். குறை எதுவும் இல்லை. மருத்துவர் பிள்ளைக்கு என்ன தேவை என்று சொல்லலாம். “இவன் இனிக் கோபப்பட மாட்டான்” என்று எந்த மருத்துவரும் கையெழுத்துப் போட முடியாது.

உங்கள் கடிதம் வந்த அன்று வீட்டில் நடந்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். என் மருமகன் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறையில் வேலை செய்கிறார். ராத்திரி பத்து மணி வரை கொலுசு வேலை பார்த்துத்தான் உங்கள் ஃபீஸைக் கட்டுகிறார். கடிதத்தைக் கேட்டதும் அந்த வேதனையில் பிள்ளையை இரண்டு அடி அடித்துவிட்டார். “அடிப்பியா? இனி யாரையாவது அடிப்பியா?” என்று கேட்டுக்கொண்டே அடித்தார். மறுநாள் மத்தியானம் என் பேரன் தலையணையைச் சுவரில் சாத்திவைத்து, அதே வார்த்தையைச் சொல்லி, அதே மாதிரி கையை ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான். மருமகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கதவோரமே நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். பெரியவர்கள் ஒரு பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதே மாதிரி அடித்ததை ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியலாளர் 1961-ல் சோதித்தே காட்டியிருக்கிறார். நாம் எப்படி நடந்துகொள்கிறோமோ அதைத்தான் அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். வீட்டில் எங்கள் தவறை நாங்கள் திருத்திக்கொள்கிறோம். பள்ளியும் திருத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்க அதனால் எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் ரீதியான தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 16-ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும் வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. உங்கள் அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, அந்தச் சட்டம் ஆறு வயதிலிருந்து பதினான்கு வயது வரைக்கும்தான், எல்.கே.ஜி.க்குப் பொருந்தாது என்று பதில் சொன்னார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குச் செய்யக் கூடாததை நாலரை வயதுப் பிள்ளைக்குச் செய்யலாம் என்றா சொல்கிறீர்கள்? உங்கள் பள்ளி சிபிஎஸ்இ பள்ளி. மூன்று முதல் எட்டு வயது வரைக்குமாக 2022-ல் வந்த தேசியக் கலைத்திட்டச் சட்டகம், பிள்ளைகள் தங்கள் உணர்வுகளைப் புரிந்துகொண்டு கையாளும் திறனை வளர்த்துக்கொள்வதை ஒரு கலைத்திட்ட இலக்காகவே வைத்திருக்கிறது. எழுத்தும் எண்ணும்போல இதுவும் நீங்கள் கற்றுத்தர வேண்டிய பாடம். ‘அ’ எழுத வரவில்லை என்று எந்தப் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்புகிறீர்களா?

பெற்றோர்களே, உங்களிடமும் இரண்டு வார்த்தை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் “அந்தப் பையனை எடுத்தால்தான் எங்கள் பிள்ளைக்குப் பாதுகாப்பு” என்று எழுதியதை என் மகள் படித்தாள். அவளும் அந்தக் குழுவில்தான் இருக்கிறாள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. இன்று கடித்தவன் என் பேரன். ஆனால் 38 பிள்ளைகளும் ஒரே மிஸ்ஸும் இருக்கிற அறையில், பசியோடு ஒத்திகையில் நிற்கும்போது, நாளைக்குத் தள்ளுவது யார் பிள்ளையாகவும் இருக்கலாம். வாசலில் நின்றவனைப் பார்த்து “ஷேம் ஷேம்” என்று சொல்லவைத்தது உங்கள் பிள்ளைகளைத்தான். அதுவும் ஒரு பாடமாக அவர்களுக்குள் போயிருக்கிறது.

நிர்வாகத்திடம் நான் கேட்பது இவைதான். செவ்வாய்க்கிழமை கடிதத்தை எழுத்துபூர்வமாகத் திரும்பப் பெற்று, வரும் திங்கட்கிழமை அவனை வகுப்பில் உட்காரவையுங்கள், சான்றிதழ் கேட்காதீர்கள். சிவப்பு முகம் ஒட்டும் பட்டியலைச் சுவரிலிருந்து எடுங்கள். எந்தப் பிள்ளையையும் மற்ற பிள்ளைகளை வைத்து அவமானப்படுத்தக் கூடாது என்று எல்லா வகுப்புக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். பத்தேகால் இடைவேளையைத் திருப்பித் தாருங்கள், ஆண்டு விழா முடியும் வரை காத்திருக்காமல் இந்த வாரமே. எல்.கே.ஜி., யு.கே.ஜி. அறைகளில் மிஸ்ஸுக்குத் துணையாக இன்னொருவரை நியமியுங்கள். பிள்ளைகளின் உணர்வுகளைக் கையாள்வது பற்றி மழலையர் வகுப்பு ஆசிரியர்களுக்கும், வேன் ஆயாக்களுக்கும் சேர்த்து, பயிற்சி ஏற்பாடு செய்யுங்கள். டைரியில் குறிப்பு எழுதும்போது நேரத்தையும், முன்னால் என்ன நடந்தது என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இன்னொரு ஆள் போடும் வரைக்கும் தினமும் பதினொரு மணியிலிருந்து சாப்பாட்டு மணி வரை நான் வந்து வகுப்பில் உட்காருகிறேன். சம்பளம் வேண்டாம். மிஸ் சொல்கிற இடத்தில், அறையின் மூலையில் ஒரு பாய் விரிக்க இடம் கொடுத்தால் போதும்.

இந்த மடலின் பிரதியையும் என் நோட்டின் நகலையும் பள்ளி அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் இதே காகிதங்களோடு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
எல்.கே.ஜி. மாணவன் ஒருவனின் அம்மாயி,
அம்மாபேட்டை, சேலம்